சில்லு பொருந்தினால் மட்டும் போதாது: பழைய ஃபோர் வீல் பிக்கப்பின் அக்சிலை அடையாளம் காண்பதும் மாற்றுவதும்

புளியந்தீவிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலைப் பக்கம் போனாலும் சரி, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்குப் போனாலும் சரி, இருபது முப்பது வருடப் பழைய ஃபோர் வீல் பிக்கப்கள் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். விதைநெல், உரம், மீன்பெட்டி, தண்ணீர்த் தாங்கி, சில நேரம் நோயாளி என்று எல்லாவற்றையும் அவைதான் ஏற்றி இறக்குகின்றன. மாரியில் வயல் வரம்புப் பாதைகள் சேறாகும்போது வேறு வாகனம் அங்கே போகாது.

இவற்றை மாற்றிப் புதிது வாங்குவது பெரும்பாலான குடும்பங்களுக்கு நடக்கக்கூடிய காரியமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதுவும் கடுமையான வரியுடன். ஆகவே உடைந்ததைத் திருத்தி ஓடுவதே வழி. அப்படித் திருத்தும்போது கையைச் சுடும் பெரிய செலவுகளில் ஒன்று அக்சில்.

யுத்த காலத்தில் கிடைத்ததைக் கொண்டு வாகனத்தை ஓடவைக்கும் கலையை எங்கள் மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டார்கள். 2007 வரை படுவான்கரை ஒரு நிர்வாகத்திலும் எழுவான்கரை இன்னொன்றிலும் இருந்தபோது, ஓர் உதிரிப்பாகம் வாவியைக் கடந்து வருவதற்குள் சோதனைச்சாவடி, அனுமதி, காத்திருப்பு என்று நாட்கள் போய்விடும். ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் பொருத்தும் கெட்டித்தனம் அப்படித்தான் வளர்ந்தது. அது பல உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் அக்சில் விடயத்தில் 'கிட்டத்தட்டச் சரி' என்பது சரியல்ல. பொருந்தியது போலத் தெரியும் ஓர் அக்சில், முதல் மாரியிலேயே இன்னும் பெரிய செலவைக் கொண்டுவரலாம். பிரேக்கையும் கெடுக்கலாம். காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில்: பழுது உண்மையில் அக்சிலிலா?

சத்தம் கேட்டவுடன் 'டிபரன்ஷல் போய்விட்டது' என்று முடிவெடுக்க வேண்டாம். கியர் போட்டு எடுக்கும்போது ஒரு முறை மட்டும் 'டக்' என்று அடித்தால், புரொப்பெல்லர் ஷாஃப்டின் சிலுவை மூட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது யூ போல்ட் தளர்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் சில்லுப் பெயரிங்கைச் சந்தேகியுங்கள். அக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது இன்னொரு விதமாகவும் தொடர்ந்து ஊளையிட்டால்தான் கிரவுன் வீலும் பினியனும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்ததாக ஓயிலைப் பாருங்கள். வடிகட்டும் ஆணியைக் கழற்றும் முன் மேலே உள்ள நிரப்பும் ஆணியைக் கழற்றுங்கள். அது துருவேறிக் கழராவிட்டால், கீழே வடித்த பிறகு திரும்ப ஊற்ற வழி இருக்காது. ஓயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகட்டும் ஆணியின் காந்தத்தில் கறுப்புப் பசை போல ஒட்டியிருப்பது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் பல்லோ பெயரிங்கோ உடைந்திருக்கிறது.

உங்கள் பிக்கப்பின் முன் அக்சில் எந்த வகை?

பழைய பிக்கப்களின் முன்பக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம். கீழே குனிந்து பாருங்கள். இடது சில்லிலிருந்து வலது சில்லு வரை ஒரே இரும்புக் குழாய் ஓடி, நடுவில் பூசணிக்காய் போல டிபரன்ஷல் தெரிந்தால், அது முழு அக்சில். டிபரன்ஷல் செசியோடு பொருத்தப்பட்டு, அதிலிருந்து ரப்பர் உறை போட்ட இரண்டு குறுகிய ஷாஃப்டுகள் தனித்தனியே சில்லுகளுக்குப் போனால், அது தனித்தனித் தொங்கல் முறை.

எங்கள் பகுதியில் நன்கு பழக்கமான டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106, 1988 முதல் 1997 வரையான தலைமுறையைச் சேர்ந்தது. அதன் முன்னும் பின்னும் முழு அக்சில், லீஃப் ஸ்பிரிங். அதே காலத்து மிட்சுபிஷி எல்200, நிசான் டி21, இசுசு டி.எஃப். ஆகியவற்றின் ஃபோர் வீல் வகைகளில் முன்பக்கம் தனித்தனித் தொங்கல், டார்ஷன் பார். ஆகவே எல்.என்.106இன் முன் அக்சிலை இவற்றில் போடுவது என்பது பாக மாற்றமல்ல. ஸ்பிரிங் தாங்கிகள், ஸ்டியரிங் கைகள், பிரேக் குழாய் என்று செசியின் முன்பகுதியையே புதிதாகக் கட்டுவதாகும். அன்றாட உழைப்புக்கான வாகனத்தில் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

லான்ட் ரோவரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் சில்லுக்கு ஐந்து ஆணிகள், ஆணிவட்டம் 165.1 மில்லிமீற்றர். அக்சில் விகிதமும் வேறு.

ஆறு ஆணி தரும் ஏமாற்றம்

ஹைலக்ஸ், எல்200, டி21, இசுசு ஆகியவற்றின் ஃபோர் வீல் வகைகளில் ஆறு ஆணிகள்தான். ஆணிவட்டமும் ஒன்றே: 139.7 மில்லிமீற்றர், அதாவது ஐந்தரை அங்குலம். அதனால் ஒன்றின் சில்லு மற்றதில் ஏறிவிடுகிறது. 'சில்லு ஏறுகிறது, அக்சிலும் ஏறும்' என்ற பேச்சு இதிலிருந்துதான் வருகிறது. சில்லு ஏறுவது ஆணிவட்டம் ஒன்று என்பதை மட்டுமே காட்டும். அக்சில் பொருந்த வேறு நான்கு விடயங்கள் ஒத்துவர வேண்டும்.

1. கிரவுன்-பினியன் விகிதம்.
2. ஒரு ட்ரம்மின் வெளிமுகத்திலிருந்து மறு ட்ரம்மின் வெளிமுகம் வரையான அகலம்.
3. இரண்டு ஸ்பிரிங் தாங்கிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரமும், ஸ்பிரிங் அக்சிலுக்கு மேலே அமர்கிறதா கீழே தொங்குகிறதா என்பதும்.
4. பிரேக்: ட்ரம்மின் அளவு, ஹாண்ட் பிரேக் கேபிள் வரும் திசை, பிரேக் குழாய் பூட்டும் இடம்.

அகலத்திலும் தாங்கித் தூரத்திலும் வித்தியாசம் இருந்தால் வெல்டிங்கில் சரிசெய்யலாம் என்பார்கள். தாங்கியை வெட்டி ஒட்டுவது முடியாத காரியமல்ல. ஆனால் சூட்டில் குழாய் வளையும். வளைந்த குழாயில் பெயரிங்கும் சீலும் நிலைக்காது. உங்கள் அதே வகை பிக்கப்பின் அக்சில் கிடைக்கும்வரை பொறுத்திருப்பது பெரும்பாலும் மலிவாக முடியும்.

விகிதம் ஏன் உயிர்நாடி?

புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதே விகிதம். கிரவுன் வீலில் 41 பற்கள், பினியனில் 9 பற்கள் என்றால் 41ஐ 9ஆல் வகுக்க 4.556 வரும்.

ஃபோர் வீல் போட்டவுடன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. முன்பக்கம் 4.556, பின்பக்கம் 4.875 என்று இருந்தால், பின் சில்லுகள் 100 மீற்றர் ஓடும் நேரத்தில் முன் சில்லுகள் 107 மீற்றர் ஓடப் பார்க்கும். அந்த 7 மீற்றர் எங்கேயாவது போக வேண்டும். சேற்றில் சில்லு வழுக்கி அது கரைந்துவிடும். கிரவல் வீதியில் ரயர் தேயும். கார்ப்பெட் வீதியில் வழுக்க இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் சிலுவை மூட்டிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் முன் அக்சிலின் கோளமூட்டிலும் ஏறும். அவற்றில் பலவீனமானது முதலில் உடையும்.

இதில் உள்ள ஆபத்து, கோடை முழுவதும் இது தெரியாமலே இருப்பதுதான். இரு சில்லு இழுவையில் ஓடும்வரை முன் விகிதம் என்னவாக இருந்தாலும் வாகனம் நன்றாகத்தான் ஓடும். மாரியில், வயலுக்கு நடுவில், பாரத்தோடு ஃபோர் வீலைப் போடும்போதுதான் கணக்கு வெளிப்படும். அப்போது விற்றவரைத் தேடிப் பயனில்லை.

முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு ரயர் போட்டாலும் இதே பிரச்சினைதான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

விகிதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஹைலக்ஸின் எஞ்சின் அறைப் பின்சுவரில் உள்ள தகட்டில் அக்சிலுக்கான குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அது ஆங்கில 'ஜி' எழுத்தில் தொடங்கினால் 8 அங்குலக் கிரவுன் வீல். ஆனால் அந்தத் தகடு தொழிற்சாலையில் என்ன பூட்டினார்கள் என்பதை மட்டுமே சொல்லும். முப்பது வருடத்தில் எத்தனை கை மாறிய வாகனம்! இப்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பேரும் ஒரு சோக்கட்டியும் போதும்.

பின் அக்சிலுக்கு: சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கப்போகும் மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கில் தூக்கித் தாங்கி வையுங்கள். கியரை நியூட்ரலில் விட்டு ஹாண்ட் பிரேக்கை எடுங்கள். ரயரிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் தூக்கிய சில்லைச் சரியாக 20 சுற்றுச் சுற்ற, மற்றவர் ஷாஃப்ட் சுற்றுவதை எண்ண வேண்டும். மறுசில்லு தரையில் நிற்பதால், தூக்கிய சில்லின் இரண்டு சுற்று கிரவுன் வீலின் ஒரு சுற்றுக்குச் சமம். ஆகவே வரும் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம்.

- 41 சுற்று: 4.100 (பற்கள் 41, 10)
- 43 சுற்று: 4.300 (பற்கள் 43, 10)
- ஏறக்குறைய 45½ சுற்று: 4.556 (பற்கள் 41, 9)
- ஏறக்குறைய 48¾ சுற்று: 4.875 (பற்கள் 39, 8)

முன் அக்சிலுக்கும் இதே முறைதான். ஆனால் இரண்டு முன் ஹப்களையும் 'லொக்' நிலையில் வைத்து, ட்ரான்ஸ்ஃபர் லீவரை இரு சில்லு இழுவையில் விட வேண்டும். ஹப் திறந்திருந்தால் சில்லு சுற்றும், ஷாஃப்ட் சுற்றாது.

தூக்கிய சில்லு அசையவே மறுத்தால் அந்த டிபரன்ஷல் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகையாக இருக்கலாம். அப்போது இரண்டு சில்லுகளையும் தூக்கி, சேர்த்து 10 சுற்றுச் சுற்றி எண்ணுங்கள். அதே விடை வரும்.

கடையில் தரையில் கிடக்கும் அக்சிலையும் இப்படியே எண்ணலாம். ஒரு பக்க ட்ரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைச் சுற்றுங்கள். விற்பவர் அனுமதித்தால் டிபரன்ஷலைத் திறந்து பற்களை நேரடியாக எண்ணுவது இன்னும் நல்லது.

முழு அக்சில் தேவையா, நடுப்பாகம் போதுமா?

ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. அதன் 8 அங்குல டிபரன்ஷல் அக்சில் குழாயோடு சேர்ந்த ஒன்றல்ல. புரொப்பெல்லர் ஷாஃப்ட், பக்க ஷாஃப்டுகள் இரண்டையும் கழற்றி, சுற்றியுள்ள நட்டுகளை எடுத்தால் கிரவுன், பினியன் எல்லாம் ஒரே கட்டாக வெளியே வரும். குழாய் நேராக இருந்து பல் மட்டும் போயிருந்தால், அந்தக் கட்டை மட்டும் மாற்றினால் போதும். எல்.என்.106இல் முன்னுக்கும் பின்னுக்கும் அதே 8 அங்குலக் கட்டுத்தான். ஆகவே விகிதம் சரியான ஒரு கட்டு எந்தப் பக்கத்திலிருந்து கழற்றப்பட்டது என்பது பெரிய தடையல்ல. பக்க ஷாஃப்டின் வரிப்பற்கள் 30ஆ என்பதையும், பினியன் முகப்பின் போல்ட் ஓட்டைகள் உங்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டோடு ஒத்துவருகின்றனவா என்பதையும் சரிபாருங்கள்.

கட்டைப் பிரித்துக் கிரவுனையும் பினியனையும் தனித்தனியே மாற்றுவது வேறு வேலை. இரண்டும் சோடியாகவே தயாரிக்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. பற்களுக்கிடையிலான இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். அதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வைத்திருக்கும் கராஜில் மட்டும் கொடுங்கள்.

வாங்கும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ வாங்கினாலும், அக்சில் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். அதிக பாரமும் குழிகளும் வளைத்த குழாய்கள் சந்தையில் உண்டு. மேலே புதுப் பெயின்ற் அடித்திருந்தால் வெல்டிங் தடயத்தைத் தேடுங்கள். ஓயில் ஆணியைத் திறக்கச் சொல்லுங்கள். 2004 ஆழிப்பேரலை, 2011 வெள்ளம் என்று தண்ணீரில் நின்ற வாகனங்கள் இந்த நாட்டில் ஏராளம். பெயரிங்கில் செம்மண் நிறத் துரு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். அக்சிலில் வாகனத்தின் செசி இலக்கம் இருக்காது. நாளை அது யாருடைய பொருள் என்ற கேள்வி எழுந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தத் துண்டுதான். காகிதம் இல்லாததால் வாகனத்தையும் காணியையும் இழந்த அனுபவம் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல.

மாற்றும்போது

எங்கள் மணல் நிலத்தில் ஜக் புதையும். அகலமான தடித்த பலகையை அடியில் போடுங்கள். செசியை இரும்புத் தாங்கிகளில் நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லையும் செங்கல்லையும் நம்பி ஒருபோதும் கீழே படுக்க வேண்டாம். அவை முன்னறிவித்தல் இல்லாமல் நொறுங்கும்.

யூ போல்ட் நட்டுகளில் முதல் நாளே துரு இளக்கும் ஓயிலை ஊற்றி வையுங்கள். கழற்றும் வரிசை இதுதான்: புரொப்பெல்லர் ஷாஃப்ட் (திரும்ப அதே நிலையில் பூட்ட அடையாளமிட்டு), பிரேக் குழாய், ஹாண்ட் பிரேக் கேபிள், ஷொக் அப்சோபர், கடைசியாக யூ போல்ட். அக்சிலை இறக்க இரண்டாவது ஜக்கும் இரண்டு ஆட்களும் வேண்டும்.

முன் அக்சிலானால் ஸ்டியரிங் கைகளும் சேர்ந்து கழரும். பூட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாய் எங்கும் இழுபடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அக்சில் வெளியே இருக்கும்போதே உள் ஓயில் சீலை மாற்றிவிடுங்கள். அது போனால் டிபரன்ஷல் ஓயில் கோளமூட்டுக்குள் இறங்கிக் கிரீஸைக் கரைத்துவிடும்.

பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை இழுபட்டது மறுமுறை அதே பிடியைத் தராது. புதியதைப் பூட்டி, 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் இறுக்குங்கள்.

ஹைலக்ஸின் பின் அக்சிலிலிருந்து செசியில் உள்ள ஒரு வால்வுக்குப் போகும் கம்பியைப் பலர் 'தேவையில்லாதது' என்று கழற்றி எறிகிறார்கள். பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைப்பது அந்தக் கம்பிதான். அது இல்லாவிட்டால், வால்வு நிற்கும் நிலையைப் பொறுத்து, பாரத்தோடு பிரேக் போதாமல் போகலாம், அல்லது வெறும் வாகனத்தில் பின் சில்லுகள் இறுகி வழுக்கலாம். பின்தட்டில் ஆட்களையும் ஏற்றும் எங்கள் வழக்கத்தில் இது உயிர் விடயம். முன்பிருந்த அதே நீளத்தில் திரும்பப் பூட்டுங்கள்.

பிறகு பிரேக்கில் காற்றெடுத்து, 'ஜி.எல்.5' தரக் கியர் ஓயிலை நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள். முதல் ஓட்டம் பாரமில்லாமல், மெதுவாக. இறங்கி அக்சிலின் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெயரிங் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது.

தண்ணீரும் உப்பும்

ஓடிச் சூடான அக்சில் திடீரெனத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். அக்சிலின் மேலுள்ள மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அந்தக் குழாயில் ஒரு ரப்பர் ஹோஸைப் பூட்டி செசிக்கு மேலே கொண்டுபோய்க் கட்டினால் இதைத் தவிர்க்கலாம். மிகச் சிறிய செலவு. ஆழமான தண்ணீரில் நின்றுவிட்டால் அந்த வாரத்திலேயே ஓயிலைச் சரிபாருங்கள். வாவியோரத்தில் ஓடும் வாகனத்தின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுவதும், யூ போல்ட் மரைகளுக்குக் கிரீஸ் பூசுவதும் அடுத்த முறை கழற்றும்போது உங்களுக்குத்தான் உதவும்.

பயணத்துக்கு முன் ஒரு துண்டு

அக்சில் தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறும் முன் ஒரு துண்டில் இவற்றை எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்: வாகனத்தின் மாதிரி இலக்கம், பழுதாகாத மறு அக்சிலில் நீங்களே எண்ணிய விகிதம், ட்ரம் முதல் ட்ரம் வரை அகலம், ஸ்பிரிங் தாங்கிகளின் தூரம், பக்க ஷாஃப்டின் வரிப்பற்கள், ட்ரம்மின் விட்டம். கூடவே ஓர் அளவுநாடாவும் சோக்கட்டியும். கடைக்காரர் 'இது எல்லாத்துக்கும் சரி வரும், அண்ணன்' என்று சொன்னால், கோபிக்காமல் சோக்கட்டியை எடுத்து 20 சுற்றை எண்ணத் தொடங்குங்கள்.